பூஞ்சைப் பரிசோதனை: ஒரு திசு, இரண்டு குப்பிகள்

கரும்பூஞ்சை நோய் இருக்கலாம் என ஐயுறும்போது, மூக்கினுள்ளிருந்து சிறிது திசுவை எடுத்து இரண்டு குப்பிகளில் இடுகிறோம். அவற்றின் பயன் வெவ்வேறு.

ஃபார்மலின் உள்ள குப்பி திசுவின் அமைப்பைக் கெடாமல் காக்கும். பூஞ்சை இரத்தக்குழாய்க்குள் ஊடுருவியுள்ளதா என்பதை அதில் காணலாம். ஆயினும் ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும். ஆகவே, பூஞ்சையை வளர்த்து அதன் இனத்தை அறியும் கல்ச்சர் சோதனைக்குரிய பகுதியைத் தூய சலைனில் வைக்கிறோம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் விரைவில் தெரியாதா என்று சிலர் கேட்பதுண்டு. அக்கருவியின் உட்புறம் வெற்றிடம்; ஈரமான பூஞ்சை அங்கே உருக்குலையும். எனவே அதை குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி, ஆல்கஹாலால் நீரை அகற்றி, உலர்த்தி, மெல்லிய தங்கப் பூச்சிட வேண்டும். இம்முறை ஆராய்ச்சிக்கே மிகுதியும் பயன்படுகிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு, சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை அன்றே விடை தரும். கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குகிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஆய்வகங்களுக்கு மாதிரியைக் கொண்டுசெல்லும் உறவினர்கள் கவனிக்க வேண்டியவை:

• குப்பிகளின் பெயர்ச்சீட்டைச் சரிபாருங்கள். ஒன்றிலுள்ளதை மற்றொன்றில் ஊற்றாதீர்கள்.
• சலைன் குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்; வெயிலிலும் வைக்காதீர்கள்.
• தாமதமின்றி அன்றே ஒப்படையுங்கள்.

2021 மே மாதம் தமிழ்நாடு அரசு இதனை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. சர்க்கரை நோயுள்ளவருக்கு ஒருபக்க முகவலி, கண்வீக்கம், மூக்கில் கருநிறக் கசிவு தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.