இதயத்தின் மேல் ஒரு வாள்முனை

‘நிஞ்சா’ என்ற சொல்லைக் கேட்டதும் கறுப்பு உடை, முகமூடி, மதில் தாண்டிக் குதித்தல், மாயமாய் மறைதல் ஆகியவையே நம் சிறுவர் மனத்தில் தோன்றுகின்றன. அது திரைப்படங்கள் தந்த தோற்றம். ‘நின்ஜுட்ஸு’ என்னும் இக்கலையின் பெயரில் உள்ள ‘நின்’ என்ற ஜப்பானிய எழுத்திலோ, மேலே வாளின் கூர்முனையும் கீழே இதயமும் அமைந்துள்ளன. பொறுத்தல், மறைத்தல் என்பன அதன் பொருள்கள்.

ஈகா, கோகா எனும் மலைப்பகுதிகளில் வளர்ந்த இக்கலை, பெரும்பாலும் உளவுத் தொழிலுக்கே பயன்பட்டது. நம் திருச்சபையின் வரலாற்றையும் அது ஒருமுறை தொட்டது. 1637-38ஆம் ஆண்டுகளில், கொடிய வரியாலும் வேதகலாபனையாலும் துன்புற்ற ஷிமாபாரா பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து, ஹாரா கோட்டையில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுள் மிகுதியானோர் கிறிஸ்தவர்கள். அவர்களை வேவு பார்க்க அரசுப்படை கோகா வீரர்களை அனுப்பியது. உள்ளிருந்தோரின் வட்டாரப் பேச்சும் வேதச் சொற்களும் அவ்வீரர்களுக்கு விளங்கவில்லையாம். மதிலைத் தாண்டியவர்களால் மொழியைத் தாண்ட இயலவில்லை!

அமைதிக் காலம் நீடித்தபோது இக்கலை தேய்ந்தது. அதை இருபதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் மசாக்கி ஹட்சுமி. 1931இல் சிபா மாநிலத்து நோடா நகரில் பிறந்த இவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டார். எலும்பை முறிக்கும் வித்தையையும் பொருத்தும் வித்தையையும் ஒருங்கே அறிந்த கைகள் அவருடையவை.

இளமையில் ஜூடோ முதலிய பல கலைகளைப் பயின்றார். அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஜூடோ கற்பித்தபோது, உயரமும் பருமனும் உடையோர் குறுகிய காலத்திலேயே முன்னேறுவதைக் கண்டார். உடல்வலிமைக்கு முன் தோற்காத கலை எது என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

விடை தேடிய அவர், 1950களின் பிற்பகுதியில், நாரா மாநிலத்துக் காஷிஹாராவில் வாழ்ந்த முதியவர் தொஷிட்சுகு தகாமட்சுவிடம் சென்று சேர்ந்தார். நோடாவிலிருந்து அவ்வூர் நெடுந்தொலைவு. பிழைப்புக்குரிய தொழிலையும் விடாமல், ஏறத்தாழ 15 ஆண்டுகள் இரயிலேறிச் சென்று பாடம் கேட்டார். 1972இல் ஆசிரியர் மறைந்தபோது, 9 மரபுகளின் பொறுப்பு ஹட்சுமியின் தோள்மேல் இருந்தது. அவற்றுள் 3 நின்ஜுட்ஸு மரபுகள்.

அவர் நிறுவிய பள்ளியே ‘புஜின்கான்’. ஆசிரியரின் நினைவாக இட்ட பெயர் அது. 1970களில் அமெரிக்கர், இஸ்ரேலியர் எனப் பிறநாட்டாரும் நோடாவுக்கு வந்து பயின்றனர். பின்னர்த் தத்தம் நாடுகளில் கிளைகளைத் தொடங்கினர். இங்கே மாணவன் முதலில் கற்பது அடிப்பதையன்று. அடிபடாமல் விழுவதையும் உருண்டு எழுவதையுமே. ஐந்தாம் படிக்குரிய தேர்வு விந்தையானது. மாணவன் விழிமூடி மண்டியிட்டு அமர்வான். பின்னால் நிற்பவர் முன்னறிவிப்பின்றி மூங்கில் வாளை ஓங்கி இறக்குவார். அந்த நொடியில் விலகித் தப்பவேண்டும். இதில் தேறியவரே தாமாகப் பயிற்சிக்கூடம் நடத்தும் உரிமை பெறுவார்.

குறைகூறுவோரும் உண்டு. மரபு வரிசையின் முற்பகுதிக்குப் போதிய ஆவணச் சான்று இல்லை என்பர் வரலாற்றாய்வாளர் சிலர். பள்ளி பரவப் பரவ, உயர்படிகள் எளிதாக வழங்கப்பட்டன என்பாரும் உளர். இவற்றைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. எண்ணிக்கையில் வளரும் எந்தப் பள்ளிக்கும் தரம் காத்தல் கடினமே. 2019இல் ஹட்சுமி, ஒரே வாரிசை நியமியாமல், மரபுகளைத் தம் மூத்த மாணவர் பலருக்கும் பகிர்ந்தளிக்கலானார்.

பிள்ளையைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்கலாமா என்று நம் பங்குப் பெற்றோர் நம்மிடம் வினவுவதுண்டு. தாராளமாகச் சேர்க்கலாம் என்பதே நம் விடை. ஆனால் கறுப்புக் கச்சை எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்று முதலில் கேளாதீர்கள். அந்த ஆசிரியர் யாரிடம், எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேளுங்கள். சினம் மூண்ட மாணவனை அவர் எவ்வாறு நடத்துகிறார் என்பதை ஒருநாள் வகுப்பில் அமர்ந்து பாருங்கள். வலியவனாகும் பிள்ளை பொறுமையுள்ளவனாகவும் ஆகிறானா என்பதை அங்கேதான் அறிய முடியும்.