என் காட்டில் மழையா?

சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "யுனிவர்சிடியில பர்ச்சேஸ் செக்‌ஷனா? அப்புறம் என்ன சார், உங்க காட்டுல மழைதான்!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்லவே! மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டதும் இதையே எழுதிவிட்டேன்.

தில்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் மூத்த அதிகாரியாக இருக்கிறேன். ஹாஸ்டல் கட்டில் முதல் கோடி ரூபாய் மைக்ராஸ்கோப் வரை எங்கள் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். எங்களுக்கு வேதம், மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017). சிறு தொகைக்குக் கொட்டேஷன் இல்லாமலே வாங்கலாம். அதற்கு மேல் போனால் மூவர் கமிட்டி கடைகளில் விசாரிக்கும். அதற்கும் மேல் டெண்டர். 2016இல் தொடங்கிய 'ஜெம்' என்ற அரசு இணையச் சந்தையில் கிடைக்கும் பொருளைப் பொதுவாக அங்கேதான் வாங்க வேண்டும்.

பெரிய டெண்டரில் இரண்டு உறைகள். முதலில் தொழில்நுட்ப உறையைப் பிரிப்போம். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு பிரிப்போம். அவர்களில் குறைந்த விலை சொன்னவர் 'எல்-1'. ஆர்டர் அவருக்குத்தான். இப்போதெல்லாம் உறைகள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன; குறித்த நேரத்துக்கு முன் நானே நினைத்தாலும் திறக்க முடியாது.

ஆக, எல்லாம் தீர்மானமாகும் இடம் விலை அல்ல, நாங்கள் எழுதும் ஸ்பெசிபிகேஷன். ஒரு கம்பெனியின் கேட்டலாக்கைப் பார்த்து அப்படியே எழுதினால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரிந்த பாவம். இதைப் பார்க்க ஆடிட் உண்டு, மத்திய கண்காணிப்பு ஆணையம் உண்டு. (அந்த ஆணையம் 1964இல் ஏற்பட்டதே, நம் தமிழர் கே. சந்தானம் தலைமையிலான குழுவின் சிபாரிசால்தான். பந்தியில் இது ஞாபகம் வரவில்லை!) ஆனால் கவனக்குறைவு என்று இன்னொரு பாவம் இருக்கிறது. அதை நான் செய்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் உயிரியல் துறைக்கு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர் ஒன்று தேவைப்பட்டது. மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும். பழைய ஃபைலிலிருந்த ஸ்பெசிபிகேஷனையே எடுத்துப் போட்டேன். அதில் ஸ்டெபிலைசர் பற்றி ஒரு வரி இல்லை. எல்-1 கம்பெனி ஸ்டெபிலைசர் இல்லாமல் விலை போட்டிருந்தது. கேட்டதைத்தானே கொடுப்பான்? அது இல்லாமல் இயக்கினால் வாரண்டி செல்லாது. அதற்குத் தனி ஃபைல், தனி ஒப்புதல் என்று நான்கு மாதம் ஓடிவிட்டது. பெட்டி வராந்தாவில் நின்றது.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ஒன்றரை வருஷம் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்த ரத்த மாதிரிகளை வேறு துறையின் பழைய ஃப்ரீஸரில் வைத்திருந்தாள். மூன்று நாள் தொடர்ந்து லீவு. நடுவில் கரண்ட் போனது யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் உருகிப் போயிற்று.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. புதிய ஃப்ரீஸர் எப்போது ஓடும், தேதி சொல்லுங்கள் சார், மறுபடி ஊர்களுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஆடிட்டில் அந்த ஃபைலின் மேல் ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. விதிப்படி எல்லாம் சரி!

அன்றிலிருந்து எந்த மிஷின் வாங்கினாலும் அது நிற்கப்போகும் அறையை நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன். பிளக் பாயிண்ட் எங்கே, கதவு எத்தனை அகலம், யார் உபயோகிப்பார் என்றெல்லாம் கேட்பேன். டேப்பும் கையுமாக வருவதைப் பார்த்து 'தையல்காரர் வந்துட்டார்' என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீல் நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "மத்தவங்க ரேட் மட்டும் சொல்லுங்கண்ணா, போதும்" என்றார். முடியாது என்றேன். அந்த வருஷம் அவர் வீட்டிலிருந்து யாரும் எங்கள் கொலுவுக்கு வரவில்லை. மனைவிக்கு ரொம்ப வருத்தம். நான் சொல்லக்கூடியது ஒன்று இருந்தது; அதைக் கடிதமாகவே எழுதி அனுப்பினேன். சொந்தமாகப் பொருள் செய்யும் சிறு தொழில்காரர் 'உத்யம்' பதிவு செய்துகொள்ள வேண்டும், இலவசம்தான். டெண்டருக்குக் கட்டும் முன்வைப்புத் தொகை அவர்களுக்குக் கிடையாது. பெரிய கம்பெனி எல்-1 ஆக வந்து, இவர் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த விலைக்கு இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பங்கு பெறவும் வழியிருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தச் சலுகை இல்லை.

நண்பர் பதிவு செய்துகொண்டார். எங்கள் நாற்காலி டெண்டரிலும் கலந்துகொண்டார். எனக்குத் தெரிந்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கமிட்டியிலிருந்து நான் விலகிக்கொண்டேன். ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று. எங்கே கோட்டை விட்டோம் என்று கேட்டு, போன ஞாயிறு டெண்டர் நகலோடு வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்துக்கொண்டே வரிவரியாகப் படித்தோம்.