இறுகிய சக்கரமும் இழுக்கும் கருவியும்

கொழும்பு நகரின் கிழக்கெல்லையை அடுத்த கொலன்னாவை, அரசாங்கத் தொழிற்சாலையாலும் எண்ணெய்த் தாங்கிகளாலும் அறியப்படும் ஊர். இத்தகைய தொழிலூர்களின் பட்டறைகளில் பழகியோர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. இறுகிய பாகத்தை அடித்துக் கழற்றுவதிலும் இழுத்துக் கழற்றுவதே மேலானது. உழவு இயந்திரத்தின் ஸ்டியரிங், அதாவது சுக்கான் சக்கரம், இதற்குச் சிறந்த சான்று.

இச்சக்கரத்தின் குடம், தண்டின் தலையில் பற்களாலோ கூம்பாலோ பொருந்தி, மேலே ஒரு நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். மழைநீரும் வயற்சேறும் இடுக்கில் புகுந்தால் இரும்பு துருவேறும். துருவுக்கு, அது தோன்றிய இரும்பைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே, அது குடத்திற்கும் தண்டிற்கும் இடையே ஆப்புப்போல் நெருக்கி நிற்கிறது.

பொறுமை இழந்தவர் சுத்தியலை எடுப்பர். தண்டின் நுனியில் விழும் அடி, மரைகளை நசுக்கிவிட்டு, கீழேயுள்ள பெட்டியின் குண்டுத் தாங்கிகளையும் தாக்கும். விளிம்பின் கீழ் கடப்பாரையை நுழைத்து நெம்பினாலோ சக்கரம் வளையும், அல்லது வெடிக்கும். விதைப்புக் காலத்தில் இச்சிறு பிழை பல நாள் வேலையைக் கெடுத்துவிடும்.

ஏற்ற கருவி எது? குடத்தில் மரையிட்ட துளைகள் இரண்டு இருப்பின், ஒரு சட்டமும் இரண்டு போல்ட்டுகளும் நடுத்திருகும் போதும். துளைகள் இல்லையெனில், கொக்கிக்கால் புல்லர் பெரும்பாலும் வழுக்கிவிடும். அப்போது குடத்தின் அடியில் இருபுறமும் பொருந்தும் பிளவுத் தகடே நலம். எவ்வகையாயினும், விசை குடத்தில் விழவேண்டும், விளிம்பில் விழலாகாது.

இதனைச் சிறு பட்டறையிலேயே ஆக்கலாம். தடித்த எஃகுத் தகட்டின் நடுவே, தண்டின் அளவுக்குத் துளையிட்டு, அதனை இரண்டாகப் பிளந்து குடத்தின் அடியில் வைக்கவேண்டும். மேலே கனமான சட்டம் ஒன்றை அமைத்து, தகட்டையும் சட்டத்தையும் சம நீளமுள்ள இரண்டு போல்ட்டுகளால் இணைக்கவேண்டும். சட்டத்தின் நடுவில் மரையிட்டு, 16 மில்லிமீற்றர் உயர்வலுப் போல்ட்டைத் திருகாக்கலாம். அதன் சாதாரண மரை, ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீற்றர் முன்னேறும். 200 மில்லிமீற்றர் நீளக் கைப்பிடியின் நுனியோ, ஒரு சுற்றில் ஏறக்குறைய 1256 மில்லிமீற்றர் பயணம் செய்யும். உராய்வு பெரும்பகுதியை உண்டாலும், எஞ்சும் இழுவிசை கைவலிமையைப் பன்மடங்கு விஞ்சும்.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, சக்கரமும் தண்டும் இருந்த நிலைக்கு அடையாளமிடவேண்டும். பற்களில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைப்பது நன்று. நட்டை முற்றாகக் கழற்றாமல், சில சுற்றுகள் தளர்த்தி விடவேண்டும். இதனால் சக்கரம் திடீரென எழுந்து முகத்தில் தாக்காது. திருகை இறுக்கிச் சற்றே பொறுத்து, அதன் தலையில் மெல்லத் தட்டி, மீண்டும் இறுக்கவேண்டும். நெருப்பை நாடலாகாது, எண்ணெயும் பிளாஸ்டிக்கும் அருகிலுள்ளன.

ஒரு மெல்லிய ஒலியுடன் சக்கரம் விடுபடும். அவ்வொலியைக் கேட்பதற்குரிய பொறுமையே இக்கருவியின் முதன்மையான பாகம்.