குழந்தை ராத்திரி முழுக்க எப்போது தூங்கும்?

"பால் பத்தலை, அதான் ராத்திரி எந்திரிச்சு அழுவுது. கொஞ்சம் கஞ்சித் தண்ணி குடுத்துப் பாரு." தஞ்சாவூர்ப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். நெல் விளையும் பூமி, கஞ்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான்; தண்ணீர்கூட வேண்டாம். தூங்க வைக்க வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. வயிறு சின்னது, 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். இரவு பகல் வித்தியாசம் உடம்புக்குப் பிடிபடவே 2, 3 மாதம் ஆகும். பிறகு தூக்கம் மெல்ல நீளும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதத்தில் அல்ல. கனடாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் இரவில் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படித்தான். எல்லாம் நன்றாக வளரும் குழந்தைகள்!

பால் போதுமா என்பதைத் தூக்கத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. எடை ஏறுதா, நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் போகுதா என்று பாருங்க. தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியரிடம் எடை பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி பால் கொடுக்கும்போது விளக்கு மங்கலாக இருக்கட்டும். கையில் போனும் வேண்டாமே.

பச்சிளங்குழந்தை பாலுக்கே எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீங்க, 108-ஐ அழையுங்க. மற்ற சந்தேகங்களுக்கு 104.