ஊசி போட்ட இரவில் கூகுளில் தேடுகிறீர்களா? டென்மார்க் சொல்லும் பாடம்!

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்த இரவு. உடம்பு லேசாகச் சுடுகிறது. உடனே கை போனைத் தேடுகிறது. 'தடுப்பூசி பக்க விளைவு' என்று டைப் செய்தால், பயமுறுத்தும் தலைப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. நம் வீடுகளில் இது சகஜம்தான். ஒரு நாடே இப்படிப் பயந்தால் என்ன ஆகும்?

ஒரு டிவி நிகழ்ச்சி

டென்மார்க்கில் 2009 முதல் 12 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி தடுப்பூசி இலவசம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது. சுமார் 90 சதவிகிதம் பேர் போட்டுக்கொண்டார்கள். 2013 வாக்கில் சந்தேகச் செய்திகள் வர ஆரம்பித்தன. 2015 மார்ச்சில், ஊசிக்குப் பிறகு தலைச்சுற்றல், தீராத சோர்வு என்று அவதிப்பட்ட பெண்களைப் பற்றி டிவி2 சேனல் ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. பக்க விளைவுப் புகார்கள் குவிந்தன. 2003-ல் பிறந்த சிறுமிகளில் உரிய வயதில் ஊசி போட்டவர்கள் 40 சதவிகிதத்துக்கும் கீழே போனார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய மருந்துகள் முகமை ஆய்வை முடித்தது. நாள்பட்ட வலி, எழுந்து நின்றால் படபடப்பு ஆகிய இரு பாதிப்புகளுக்கும் ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. 2017-ல் அரசும் மருத்துவர்களும் பெற்றோரிடம் நேரடியாகப் பேசிய பிறகே நம்பிக்கை திரும்பியது.

அப்படியானால் பொய் சொன்னார்களா?

இல்லை. அவர்கள் பட்ட அவஸ்தை நிஜம். காரணம் எது என்பதில்தான் குழப்பம். செய்தி பார்ப்பதற்கு முன் சோர்வு வெறும் சோர்வுதான். பார்த்த பிறகு, 'அந்த ஊசியாக இருக்குமோ?' என்று மனசு முடிச்சுப் போடுகிறது.

பயமே அறிகுறியைக் கொண்டுவருவதும் உண்டு. இதற்கு 'நோசிபோ' என்று பெயர். 12 கோவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளில், மருந்தே இல்லாத டம்மி ஊசி போட்டவர்களிலும் சுமார் 35 சதவிகிதம் பேர் முதல் டோஸுக்குப் பிறகு தலைவலி, சோர்வு போன்றவற்றைச் சொன்னார்கள்.

புகாரே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். 2021-ல் ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பின் அரிதாக ரத்தம் உறைவது, இப்படி வந்த புகார்களால்தான் தெரியவந்தது. மார்ச்சில் அந்த ஊசியை நிறுத்திவைத்து, ஏப்ரலில் முழுவதுமாகக் கைவிட்ட முதல் ஐரோப்பிய நாடு எது தெரியுமா? அதே டென்மார்க்!

புகார் என்பது அலாரம் மாதிரி. அலாரம் அடித்தால் பார்க்க வேண்டும்; அடித்ததாலேயே வீடு எரிகிறது என்று அர்த்தமில்லை. மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதையே தலைப்பாக்கும் எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க்குகளுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.
* ஊசியின் பெயர், தேதி, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.
* மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், வலிப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* மற்ற சந்தேகங்களை ஊசி போட்ட செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள்.

கூகுளுக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. செவிலியருக்குத் தெரியும்!