எண்ணிச் சொல்ல ஏன் இத்தனை நேரம்?

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் துறைமுகம், 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்ற முதல் சரக்குத் தாய்க்கப்பலை வரவேற்று, அதே ஆண்டு டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் இருபதடிப் பெட்டகங்களுக்கு என வடிவமைக்கப்பட்ட இத்தகைய, கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாற்றும் துறைமுகத்தில், ஒரே பெட்டகம் இறக்கம், அடுக்கல், இடமாற்றம், ஏற்றம் எனப் பல பதிவுகளை உண்டாக்கிவிடுகிறது. வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகத் தகவலைச் சேமிக்கும் உறவுசார் தரவுத்தளத்தில் அப்பதிவுகள் கோடியைத் தொடும்போது, ‘முற்றத்தில் இப்போது எத்தனை பெட்டகங்கள்?’ என்ற எளிய வினவலே திணறத் தொடங்கும்.

மொத்த எண்ணிக்கை எங்கேனும் எழுதிவைக்கப்பட்டிருக்கும் என்றே எவரும் நினைப்பர். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் பழைய மைஐசாம் சேமிப்பு முறை அவ்வாறு எழுதிவைத்ததும் உண்மையே. ஆனால் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு முறை போன்றவை, பலர் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் இடமளிப்பதற்காக, ஒரு வரியின் பழைய பதிப்பையும் புதியதையும் சிறிது காலம் சேர்த்தே வைத்திருக்கின்றன. கிரேன் இறக்கிய பெட்டகத்தின் பதிவு இன்னும் உறுதிசெய்யப்படாத நிலையில், பதிந்தவருக்கு அது கணக்கில் உண்டு, மற்றவருக்கு இல்லை. இருவர் விடையும் சரியே என்பதால், பொதுவான ஓர் எண்ணை எழுதிவைக்க வழியின்றி, ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் ஆகவேண்டும்.

எனவே போஸ்ட்கிரெஸில் பழுதுபார்ப்பவர் முதலில் செய்யத்தக்கது, ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ என்னும் கட்டளையால் வினவல் சென்ற வழியைப் பார்ப்பதாகும். அதில் ‘சீக்வென்ஷியல் ஸ்கேன்’ என்றிருந்தால் அட்டவணை முழுவதும் படிக்கப்பட்டது என்று பொருள்; முற்றத்தில் உள்ளவற்றை மட்டும் தனியே வரிசைப்படுத்தும் பகுதி இன்டெக்ஸ் ஒன்று இருந்தால் அந்த உழைப்பு பெரிதும் குறையும். போஸ்ட்கிரெஸில் 2012இல் வந்த 9.2 பதிப்பு முதல் இன்டெக்ஸை மட்டும் படித்தே எண்ண முடியும் என்றாலும், ‘ஹீப் ஃபெட்சஸ்’ என்ற எண் பெரிதாகத் தெரிந்தால், எந்தப் பக்கங்கள் எல்லோருக்கும் புலனாகும் என்று குறிக்கும் வரைபடம் பழையதாகிவிட்டது என்றும், ‘வேக்கம்’ என்னும் துப்புரவுப் பணி பின்தங்கியுள்ளது என்றும் அறியலாம். எண்ணச் சொல்லும் ‘கவுன்ட்’ என்பதன் அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறிக்குப் பதிலாக 1 என்று எழுதினால் வேகம் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. பத்தியின் பெயரை எழுதினாலோ, வெற்று மதிப்புகள் விடுபட்டு விடையே மாறிவிடக்கூடும்.

தோராயம் போதுமெனில், தரவுத்தளம் தன் திட்டமிடலுக்காக வைத்திருக்கும் மதிப்பீட்டையே நொடியில் பெறலாம். கண்காணிப்புத் திரையில் ‘சுமார்’ என்று காட்டத் தகும் எண்ணுக்காகத் துல்லிய வினவலை நிமிடந்தோறும் ஓட்டுவது வீண்வேலை. கட்டணப் பட்டியலுக்கும் சுங்கக் கணக்குக்கும் அந்தச் சலுகை கிடையாது.