வைக்கோல் சாற்றில் விஷம்! சுண்ணாம்பு போக்குகிறது

பனை ஏறுகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். எதற்காக? பதநீர் புளித்துக் கள்ளாக மாறாமல் இருப்பதற்காக!

அதே சுண்ணாம்பு, வேறொரு சாறு நன்றாகப் புளிப்பதற்கு உதவுகிறது. அதுதான் வைக்கோல் சாறு!

துணியில் சர்க்கரை

மாடு தின்னும் வைக்கோலில் சர்க்கரை இருக்கிறதா? இருக்கிறது. சங்கிலி போலப் பிணைந்து கிடப்பதால் நம் நாக்குக்கு இனிப்பதில்லை. சங்கிலியை அறுத்தால் இனிப்பு வெளியே வரும். 1819-ல் பிராக்கொன்னோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் ஊற வைத்தே சர்க்கரை எடுத்தார்!

வைக்கோலையும் மரத்தூளையும் அமிலம் கலந்த நீரில் வேக வைத்தால் சர்க்கரைச் சாறு கிடைக்கும். அதில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைப் போடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, எரிசாராயமாக மாற்றும். அதைப் பெட்ரோலில் கலக்கலாம்.

ஈஸ்ட் பட்டினி!

இங்கேதான் சங்கடம். வேகும்போது கொஞ்சம் சர்க்கரை தீய்ந்து, ‘பர்பியூரால்’ என்ற நச்சுப் பொருளாகிறது. காடியில் உள்ள புளிப்பு அமிலமும் வைக்கோலில் இருந்து கசிகிறது. இவை ஈஸ்ட்டை வாட்டுகின்றன. எதிரே விருந்து இருந்தும் அது பட்டினி கிடக்கிறது!

சுண்ணாம்பு வைத்தியம்

அமெரிக்காவில் மாடிசன் நகர ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த லியோனார்டு, ஹாஜ்னி இருவரும் 1945-ல் மரச் சர்க்கரை பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது சுண்ணாம்பு.

சாற்றில் சுண்ணாம்பைக் கலக்கிச் சூடாக்க வேண்டும். நச்சில் ஒரு பகுதி ஒழியும். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஜிப்சமாகி அடியில் படியும். அதை வடிகட்டி, காரத்தைக் குறைத்த பிறகு ஈஸ்ட்டைப் போட வேண்டும். பதநீரில் காரம் அப்படியே இருப்பதால் அது புளிப்பதில்லை. இங்கே காரம் நீக்கப்படுவதால் புளிக்கிறது!

சுண்ணாம்பு மிஞ்சினால் சர்க்கரையும் அழிந்துவிடும். காடி அமிலமும் இதனால் போகாது. ஆகவே கரியால் வடிகட்டுவது, ஆவியாக்கி நச்சை விரட்டுவது, நச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஈஸ்ட்டைப் பழக்குவது ஆகிய வழிகளும் உண்டு.

உழவருக்கு என்ன லாபம்?

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்த பிறகு, வயலிலேயே வைக்கோலை எரிக்கிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை போய் மூச்சை அடைக்கிறது. 2022 ஆகஸ்டில் அரியானாவின் பானிப்பட்டில் வைக்கோல் எரிசாராய ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து சுமார் 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம்.

ஈஸ்ட்டின் வயிறு நிறைந்தால், தீ வைக்கும் வைக்கோலுக்கும் விலை கிடைக்கும். குழந்தைகள் சுவாசிக்கும் காற்றும் சுத்தமாகும்!